80டிடி கழிவு: நான்கு நடையும் ஒரு கைரேகையும்

“தம்பிக்கெல்லாம் கிடையாது சார், மனைவி, பிள்ளை, பெற்றோர் மட்டும்தான்” என்றார் எங்கள் அலுவலகத்தின் சம்பளப் பிரிவு நண்பர். ஊனமுற்ற தம்பியைப் பராமரிப்பதற்காக, வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளும் 80டிடி கழிவை அவரிடம் கேட்டிருந்தேன். நான் நீட்டிய தாள்களை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, ஓராண்டு மருத்துவ ரசீதுகள் அனைத்தும் இருக்கின்றனவா என்றும் கேட்டார். இரண்டுமே தவறு என்பது அன்றிரவு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவை வரிவரியாகப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருடன் சகோதர சகோதரிகளையும் அப்பிரிவு தெளிவாகவே சேர்த்திருக்கிறது. ஊனமுள்ளவர் முழுமையாகவோ பெருமளவிலோ நம்மைச் சார்ந்திருக்க வேண்டும், ஊனமுள்ளவர் தமக்கே கோரும் 80யூ கழிவை அவர் தம் பெயரில் கோரியிருக்கக் கூடாது, அவ்வளவே. பராமரிப்புக்காக நாம் செலவு செய்திருக்க வேண்டும் என்கிறதே தவிர, கழிவின் அளவு செலவைப் பொறுத்ததன்று: 40 விழுக்காடு முதல் ஊனம் இருந்தால் 75,000 ரூபாய், 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய்.

என் தம்பிக்கு வயது 26. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். அவனுடைய பழைய ஊன அடையாளப் புத்தகத்தில் 80 விழுக்காடு என்று எழுதியிருந்தது, யூ.டி.ஐ.டி. எனப்படும் மத்திய அரசின் ஊன அடையாள அட்டை வாங்கியபோது அது 75 ஆயிற்று. அவன் உடல்நிலையில் எந்த முன்னேற்றமும் இல்லை, அளந்தவர்தான் மாறினார். அந்த ஐந்து விழுக்காட்டின் விலை 50,000 ரூபாய்க் கழிவு என்று அன்று தெரிந்திருந்தால் அங்கேயே நின்று வாதாடியிருப்பேன்.

விகிதம் குறைவாகவும் கழிவுகள் சிலவாகவும் உள்ள புதிய வரிமுறையில் இந்தக் கழிவு கிடையாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். எந்த முறை வேண்டும் என்று ஏப்ரல் மாதத்தில் நான் எதையும் தெரிவிக்காததால் அலுவலகம் புதிய முறையிலேயே கணக்கிட்டு 55,900 ரூபாய் பிடித்துவிட்டிருந்தது. என் சம்பளம் 11 லட்சம். வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், சேமிப்புகளுக்கான 80சி கழிவு முழுமையாக ஒன்றரை லட்சம். இவற்றை மட்டும் வைத்துப் பழைய முறையில் கணக்கிட்டால் வரி 54,600 ரூபாய், அதாவது 1,300 ரூபாய்தான் வித்தியாசம். 80டிடியையும் சேர்த்தால் அது 39,000 ஆகக் குறைகிறது. அலுவலகம் எந்த முறையில் பிடித்திருந்தாலும், தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் கணக்குத் தாக்கல் செய்யும்போது பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் அதைக் கெடு தேதிக்குள் செய்தாக வேண்டும், தாமதக் கணக்கில் அந்த உரிமை இல்லை. 2024-25 நிதியாண்டுக்கான கெடுவை 2025 ஜூலை 31 இலிருந்து செப்டம்பர் 15 வரை நீட்டியிருந்தார்கள் என்பதால்தான் நான் தப்பினேன்.

யூ.டி.ஐ.டி. அட்டை கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்து கணக்கை நிரப்பத் தொடங்கியவன், 80டிடி அட்டவணையில் போய் நின்றுவிட்டேன். அது அட்டை எண்ணுடன் படிவம் 10-ஐஏ தாக்கல் செய்த தேதியையும் ஒப்புகை எண்ணையும் கேட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் ஆகிய மூன்றுக்கும் இந்தப் படிவத்தில்தான் மருத்துவச் சான்று வேண்டும். எனவே முதலில் 10-ஐஏ, அதன் பிறகே வரிக் கணக்கு. இந்த வரிசையை மாற்றினால் வேலை நடக்காது.

படிவத்தில் யார் வேண்டுமானாலும் கையெழுத்திட முடியாது. நரம்பியலில் எம்.டி. பட்டம் பெற்றவர், குழந்தையானால் அதற்கு இணையான தகுதியுள்ள குழந்தை நரம்பியல் மருத்துவர், இல்லையேல் அரசு மருத்துவமனையின் சிவில் சர்ஜன் அல்லது தலைமை மருத்துவ அலுவலர் என்று விதி சொல்கிறது. தம்பியைப் பத்தாண்டுகளாகப் பார்த்துவரும் தனியார் மருத்துவர், “இதற்கெல்லாம் நான் கையெழுத்துப் போடுவதில்லை” என்று கைவிரித்துவிட்டார். அரசு மருத்துவமனைக்கு நான் தனியாகப் போன முதல் நாள், ஊனச் சான்று பார்க்கும் நாள் அதுவன்று என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை வாடகை வண்டி பிடித்துத் தம்பியையும் சக்கர நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போனோம். இரண்டரை மணி நேரம் காத்திருந்தபின் மருத்துவர் பார்த்தார், கையெழுத்தும் முத்திரையும் இட்டார். நோயாளியின் கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகைக்கான இடத்தில் அங்கேயே ரேகை வைத்தோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அச்சிட்ட படிவத்தில் பொருந்தாதவற்றை அடித்துவிடாமலே மருத்துவர் விட்டிருந்தார். ‘ஊனம் உள்ளவர் / கடும் ஊனம் உள்ளவர்’, ‘மறுமதிப்பீடு பரிந்துரைக்கப்படுகிறது / பரிந்துரைக்கப்படவில்லை’ எல்லாம் அப்படியே இருந்தன. படித்துப் பார்க்கிறவருக்கு என் தம்பிக்கு ஒரே நேரத்தில் எல்லாமே இருக்கிறது, எதுவுமே இல்லை. அறையை விட்டு வெளியே வருமுன் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட்டால் என் கதிதான்.

மூன்றாம் முறை நான் மட்டும் போனேன். முத்திரை வைத்த தாளில் திருத்த மாட்டேன், புதிய படிவம் கொண்டு வாருங்கள், மற்றபடி ஆளை இன்னொரு முறை பார்க்க வேண்டியதில்லை என்றார் மருத்துவர். புதிய படிவம் என்றால் மீண்டும் ரேகை. தம்பியை மறுபடியும் வண்டியில் ஏற்ற மனம் வரவில்லை. அவனுடைய வலக்கை எப்போதும் இறுக மூடியே இருக்கும், பெருவிரல் உள்ளே மடங்கியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் கையை வைத்திருந்து, அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, நான் விரல் விரலாகப் பிரித்தேன். முதல் இரண்டு தாள்களிலும் ரேகை இழுபட்டுப் போயிற்று. மூன்றாவதில் சரியாக விழுந்தது. அவனுக்கு இது பெரிய விளையாட்டாகத் தோன்றியது போலும், மை பட்ட விரலால் அம்மாவின் கன்னத்தில் ஒரு ரேகை வைத்துவிட்டுச் சிரித்தான். ஆகவே இரண்டு மூன்று படிவங்களில் முன்கூட்டியே ரேகை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் நடையில் நானே பென்சிலால் சிறு குறியிட்டுக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக அடித்தார். மறுமதிப்பீடு தேவையில்லை என்றே குறித்தார். எனக்கு இதுதான் பெரிய வெற்றி. காலவரையறை போட்டுச் சான்று தந்தால், அது காலாவதியாகும் நிதியாண்டு வரை மட்டும் கழிவு செல்லும். அடுத்த ஆண்டுக்குப் புதுச் சான்று வேண்டும். உங்கள் சான்று ஆண்டின் நடுவில் காலாவதியானாலும் அந்த ஆண்டுக் கழிவை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இணையத்தில் படிவத்தைத் தாக்கல் செய்து ஆதார் ஓ.டி.பி. கொண்டு உறுதிசெய்ய இருபது நிமிடம் ஆயிற்று. தம்பியின் பெயர் ஆதாரில் முன்னெழுத்துடனும் சான்றில் அப்பா பெயர் விரிவாகவும் இருந்ததைக் கடைசி நேரத்தில் கவனித்து, ஆதாரில் உள்ளபடியே உள்ளிட்டேன். செப்டம்பர் 9 அன்று கணக்குத் தாக்கலானது. 16,900 ரூபாய் ரீஃபண்ட் வங்கிக்கு வந்த குறுஞ்செய்தியைச் சம்பளப் பிரிவு நண்பரிடம் காட்டினேன். “தம்பிக்கும் உண்டா சார்?” என்றார். 80டிடி பிரிவின் அச்சுப் பிரதியை, உடன்பிறந்தோர் என்ற இடத்தில் கோடிட்டு, அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.