டீபக்கர் வேலை: கில் -9 அடித்தாலும் இனி விழாது

கோத்தகிரியில் மூன்று நாளாக ஐப்பசி மழை விடவில்லை. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. லேப்டாப் பேட்டரி தாங்கும்வரை உட்கார்ந்து, பல வாரமாகத் தள்ளிப்போட்ட ஒரு கோளாறைச் சரிசெய்துவிட்டேன்.

லினக்ஸில் பிடிரேஸை (ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கண்காணிக்க உதவும் அழைப்பு) வைத்து நான் எழுதிவரும் சின்ன டீபக்கர் இது, அதாவது இன்னொரு புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி. பிரேக்பாயின்ட் (புரோகிராமில் ஒரு பைட்டை மாற்றி வைத்து அங்கே நிற்கவைப்பது), ரெஜிஸ்டர் (சிபியுவுக்குள் இருக்கும் மதிப்புகள்) எல்லாம் ஒழுங்காக வந்தன. ஆனால் கண்காணிக்கிற புரோகிராமை வேறு டெர்மினலிலிருந்து 'கில் -9' (உடனே கொல்லும் கட்டளை) அடித்தால், டீபக்கரும் கூடவே செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட பிழை) விழுந்தது. புரோகிராம் எப்படிச் செத்தது என்று சொல்லத்தானே டீபக்கர்? அந்த நேரம் பார்த்து அதுவே விழுந்தால் எனக்குப் பொறுக்காது.

புரோகிராமுக்கு என்ன ஆனது என்று சொல்லும் அழைப்பு வெயிட்பிட். அது தரும் ஸ்டேட்டஸை அப்படியே பிரின்ட் செய்தேன். 1407, 1407, 1407, கடைசியில் 9. 1407 என்றால் சிக்-டிராப் (பிரேக்பாயின்ட்டில் வரும் சிக்னல்) வாங்கி நிற்கிறது. வெறும் 9 என்றால் சிக்-கில் (கில் -9 அனுப்பும் சிக்னல்) வாங்கிச் செத்துவிட்டது. என் கோடு இரண்டையுமே 'நிற்கிறது' என்று எடுத்துக்கொண்டு ரெஜிஸ்டரைக் கேட்டிருக்கிறது. செத்ததிடம் ரெஜிஸ்டர் ஏது? அந்த அழைப்பு தோற்றதை நான் பார்க்கவே இல்லை. ஆர்ஐபி (அடுத்து ஓட வேண்டிய இடத்தைக் காட்டும் ரெஜிஸ்டர்) பூஜ்யம், அதில் ஒன்றைக் கழித்து, பிரேக்பாயின்ட் பட்டியலில் தேடி, இல்லாத இடத்தைத் தொட்டு விழுந்திருக்கிறது. ஸ்டேட்டஸைப் பிரித்துப் பார்க்க நாலு வரி சேர்த்ததும் இது சரியாகிவிட்டது.

இரண்டு ராத்திரியைத் தின்றது அடுத்ததுதான். புரோகிராம் பிரேக்பாயின்ட்டில் நிற்கும்போதே கில் விழுந்தால்? நிறுத்தி வைத்திருப்பதால் அது என் கைக்குள் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். சிக்-கில்லுக்கு அந்தக் கட்டெல்லாம் கிடையாது. புரோகிராம்களின் நிலையைக் காட்டும் பிஎஸ்ஸில் சின்ன 'டி' (டீபக்கர் நிறுத்தியது) இருந்த இடத்தில் 'இசட்' வந்துவிட்டது, ஸோம்பி, அதாவது செத்தும் பட்டியலில் பெயர் மட்டும் மிஞ்சியிருப்பது. அது தெரியாமல் 'கன்டினியூ' கொடுத்தால், பிரேக்பாயின்ட் இடத்தில் பழைய பைட்டைத் திருப்பி எழுதப் போய் இஎஸ்ஆர்சிஎச் ('அப்படி ஒரு புரோசஸ் இல்லை'), பிழை எண் 3.

அந்தப் பிழை வந்தால் காத்திருக்காமல் வெயிட்பிட்டைக் கேட்கும்படி டபிள்யூநோஹேங் போட்டேன். பெரும்பாலும் ஸ்டேட்டஸ் 9 வந்தது, எப்போதாவது வெயிட்பிட் 0 திருப்பியது, அதாவது சொல்ல இன்னும் ஒன்றுமில்லை. பிடிரேஸ் மேன் பேஜை (லினக்ஸ் கையேட்டுப் பக்கம்) திரும்பப் படித்தபோதுதான் விளங்கியது: முழுசாகச் சாகாமலே பிடிரேஸ் கோரிக்கைகளை மறுக்கிற ஒரு இடைவெளி உண்டு. எனவே காத்திருந்துதான் கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமிடம் கேட்டாலும் இதே பிழைதான் வரும். அதனால் அது நின்றிருந்தது என்று உறுதியாகத் தெரிந்த இடங்களில் மட்டும் இப்படிக் காத்திருக்க வைத்தேன்.

கில் அடித்த கையோடு கன்டினியூ கொடுக்கும் ஸ்கிரிப்டை 500 தடவை ஓட்டினேன். ஒரு தடவைகூட விழவில்லை. பேட்டரி 11 சதவீதத்தில் கமிட் செய்தேன். த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கிளை) பல உள்ள புரோகிராமில் இன்னும் சோதிக்கவில்லை, அடுத்து அதுதான்.