92 மாடல் மாருதியும் மூணு வாரம் மட்டும் வந்த கூலிங்கும்

அப்பா வாங்குன 92 மாடல் மாருதி 800 இன்னும் எங்க வீட்ல ஓடிட்டுதான் இருக்கு, ஏசி மட்டும் ரொம்ப வருஷமா ஓடாம கெடக்கு. போன ஏப்ரல்ல அப்பாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய்ட்டு திரும்புறப்போ திருநெல்வேலி வெயில்ல அவர் சட்டையே நனஞ்சு போச்சு, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், ஏசிய சரி பண்ணிரணும்னு.

மொதல்ல ஒரு கடைல விட்டேன். கேஸ் ஏத்துற வாய்ல, அதான் போர்ட்ல, அடாப்டர் மாட்டி கேஸ் அடிச்சு ஒரு மணி நேரத்துல சாவிய குடுத்துட்டாங்க, ஜில்லுனு வந்துச்சு. மூணு வாரம்தான். அப்புறம் ஒரு நாள் பாளையங்கோட்டை பக்கம் கரகரன்னு சத்தம், பெல்ட் கருகுற வாடை, ஏசி கேஸ அழுத்தி சுத்த விடுற கம்ப்ரஸர் ஜாம்.

அப்புறம் பழைய வண்டி ஏசி பாக்குற ஒரு அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். "என்ன கேஸ் தம்பி அடிச்சாவ?"ன்னாரு. "134 அண்ணாச்சி." "சரி, ஆயில மாத்துனாவளா?" எனக்கு பதில் தெரியல. கழட்டி காமிச்சாரு, கம்ப்ரஸர் உள்ள காஞ்சு கெடக்கு, ஆயில் பூரா கூலிங் காயில்ல போய் தேங்கி நிக்கி.

விஷயம் இதுதான். கம்ப்ரஸருக்கு தனியா ஆயில் பம்ப் கிடையாது, கேஸ்கூட கலந்து சுத்தி வர்ற ஆயில்தான் அதுக்கு உயிரு. 92 வண்டில இருந்தது ஆர்-12ங்கிற கேஸ், அதுக்கு மினரல் ஆயில். ரெண்டும் நல்லா கலக்கும். ஆர்-12 ஓசோன ஓட்ட போடுதுன்னு 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் கம்பெனிங்க ஆர்-134ஏ-க்கு மாறுனாங்க, ஆனா 134ஏ மினரல் ஆயிலோட கலக்காது. போன ஆயில் திரும்பி வராது. ஆர்-12 கொதிக்கிறது மைனஸ் 29.8 டிகிரில, 134ஏ மைனஸ் 26.3-ல, பெரிய வித்தியாசம் இல்லாததால கூலிங் என்னவோ நல்லாதான் வரும், உள்ள கம்ப்ரஸர் செத்துட்டு இருக்கறது வெளிய தெரியவே தெரியாது.

சரி 134ஏ வண்டிக்கு ஊத்துற பிஏஜி ஆயில ஊத்திட்டா போதுமேன்னு கேட்டேன். பழைய கேஸோட குளோரின் மிச்சம் உள்ள ஒட்டிட்டு இருக்கும், அதுல பிஏஜி கெட்டுப் போயிரும், மாத்துற வண்டிக்கு எஸ்டர் ஆயில்தான்னு சொன்னாரு. கேஸ்ல இருக்குற ஈரத்த எடுக்குற ட்ரையரும் மாத்தணும், பழசுல இருக்குற ஈரம் உறிஞ்சுற மணி 134ஏ-க்கு ஆகாது. இணைப்புல லீக் ஆகாம இருக்க போடுற ரப்பர் வளையம், ஓ ரிங், எல்லாம் புதுசு. அப்புறம் உள்ள இருக்குற காத்து, ஈரம் எல்லாத்தையும் உறிஞ்சி எடுக்க நல்லா வேக்கம் போட்டு, பழைய அளவுல ஒரு 85 சதவீதம் கேஸ்தான் எடை போட்டு ஏத்துனாரு, முழு அளவு ஏத்துனா கம்ப்ரஸர் அழுத்தி வெளிய விடுற பக்கத்துல, அதான் ஹை சைடுல, பிரஷர் எகிறும். மிச்ச ஆர்-12 மேலயே 134ஏ அடிக்கிறது இன்னும் மோசம், ரெண்டும் கலந்தா பிரஷர் தனித்தனியா இருக்கறத விட கூடிரும், கேஜ் காட்டுறத நம்பவே முடியாது.

பழைய வண்டி கதைதானேன்னு விட்டுராதீங்க. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டில கம்ப்ரஸருக்குள்ளயே ஹை வோல்டேஜ் மோட்டார் இருக்கும், அதுல பெரும்பாலும் கரண்ட் கடத்தாத பிஓஇ ஆயில்தான் (இதுவும் எஸ்டர் வகைதான்) இருக்கும், அங்க கொஞ்சம் பிஏஜி கலந்தாகூட இன்சுலேஷன் போயிரும். ஒரே மெஷின், ஒரே ஹோஸ்ல எல்லா வண்டிக்கும் கேஸ் ஏத்துற கடைன்னா, முந்தின வண்டியோட ஆயில் நம்ம வண்டிக்குள்ள வராதான்னு கேட்டே ஆகணும். ஐரோப்பால 2017-ல இருந்து புது கார்ல 134ஏ போட முடியாது, ஆர்-1234ஒய்எஃப் தான் பெரும்பாலும் வருது, அது லேசா தீப்பிடிக்கிற கேஸ், போர்ட்டே வேற சைஸ்ல வச்சிருக்காங்க, தப்பா மாட்டக்கூடாதுன்னுதான். அதுக்கும் அடாப்டர் தேடுறவங்க இருக்காங்க, ப்ளீஸ் வேணாம்.

சிலர் சமையல் கேஸ அடிச்சாலும் கூலிங் வரும்னு சொல்றாங்க. வரும்தான். ஆனா கூலிங் காயில் இருக்கறது டேஷ்போர்டுக்குள்ள, லீக் ஆனா நேரா நம்ம உக்காந்திருக்குற எடத்துக்குதான் வரும். பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற வண்டில இத செய்ய எப்படி மனசு வருதுன்னு எனக்கு புரியல.

வேலை முடிஞ்சதும் அண்ணாச்சி ஒரு ஸ்டிக்கர்ல கேஸ் ஆர்-134ஏ, ஆயில் எஸ்டர், எத்தன கிராம், என்ன தேதின்னு எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டுனாரு. "அடுத்து எவன் கைக்கு போனாலும் இத பாத்துட்டு தொடட்டும்"ன்னாரு. புது வண்டின்னா கம்பெனியே ஒட்டியிருக்கும், கேஸ் அடிக்க விடுறதுக்கு முன்னாடி பானட்ட தூக்கி அத ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.