குஸ்கோவில் சுவர் பார்த்து நடப்பது: நான்கு சுற்றுக் குறிப்புகள்

பெரு நாட்டின் குஸ்கோவில் கூட்டம் என்பது ஏறத்தாழ பத்துத் தெருக்களுக்குள் அடங்கிவிடுகிறது. பிளாசா தே அர்மாஸ், ஹதுன் ருமியோக் தெருவின் பன்னிரண்டு கோணக் கல், சான் பிளாஸ் சதுக்கம், சான் பெத்ரோ சந்தை. இவற்றுக்குப் பக்கத்துத் தெருவில் அதே இன்கா காலத்துச் சுவர், அதே நேர்த்தியோடு, நின்று பார்க்க ஆளில்லாமல் இருக்கிறது. கீழே உள்ள நான்கு சுற்றுகளும் அந்தப் பக்கத்துத் தெருக்களுக்கானவை. வரிசையை மாற்றாமல் நடந்தால் நல்லது. காரணம் உயரம்.

நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டரில் இருக்கிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரை ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வந்த அன்றே சான் பிளாஸ் படிக்கட்டில் ஏறுவதுதான் பலர் செய்யும் தப்பு. இரவில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று பிடித்துக்கொண்டால் இரண்டு நாள் போய்விடும். முதல் இரண்டு நாள் ஏற்றமே வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம், மது கூடாது, தண்ணீரும் கொக்கா இலைத் தேநீரும் போதும். தலைவலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. மருத்துவரைப் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும். சுமார் 2,870 மீட்டரில் இருக்கும் உருபாம்பா பக்கத்திலேயே இருக்கிறது.

முதல் சுற்று: ஆற்றின் மேலே, இறக்கத்தில்

இன்கா குஸ்கோ இரண்டு ஆறுகளுக்கு நடுவே அமைந்த ஊர். சாஃபி ஒரு பக்கம், துல்லுமாயு மறுபக்கம். இரண்டையும் இன்காக்களே கல் கால்வாயில் அடக்கினார்கள். இன்று நகரத்துக்குள் இரண்டும் தெருவுக்கு அடியில் ஓடுகின்றன. சாஃபி தெருவில் தொடங்கி பிளாத்தெரோஸ் வழியாக பிளாசாவைத் தொட்டு, எல் சோல் அவென்யூவில் இறங்கினால் அது சாஃபி ஆற்றின் தடம். கடைசியில் துல்லுமாயு அவென்யூ வந்து சேரும் இடம் பூமாச்சுப்பான், அதாவது பூமாவின் (மலைச்சிங்கத்தின்) வால். ஊரைப் பூமா வடிவில் அமைத்ததாகச் சொல்லும் மரபில் ஊருக்கு மேலே உள்ள இன்காக் கோட்டை சாக்சாய்வாமான் தலை, இந்தச் சங்கமம் வால்.

முழுக்க இறக்கம் என்பதால் முதல் நாளுக்கு ஏற்ற நடை இது. திரும்பும்போது டாக்சி பிடித்துக்கொள்ளலாம். சில்லறை கையில் இருக்கட்டும். ஓரம் கிழிந்த நோட்டை இங்கே யாரும் வாங்குவதில்லை.

நம்மவர்களுக்குத் திசை குழம்பும், முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். சென்னை வடக்கே 13 பாகையில் இருக்கிறது, குஸ்கோ தெற்கே பதின்மூன்றரை. கண்ணாடியில் பார்த்தது போல எல்லாம் தலைகீழ். பயணக் காலமான மே முதல் செப்டம்பர் வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்து நிற்கும். நிழலைப் பார்த்துத் திசை கணித்தால் வடக்கும் தெற்கும் மாறிவிடும். அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடு வரை மட்டும் நண்பகல் சூரியன் தெற்கே போகும். படம் எடுப்பவர்களுக்கு இது முக்கியம்: ஜூனில் வடக்கு பார்த்த சுவருக்குத்தான் வெயில், தெற்கு பார்த்த சுவர் நாள் முழுக்க நிழலில் இருக்கும்.

இரண்டாம் சுற்று: சுவர் வாசிப்பு

நேரம் காலை ஆறு மணி. பிளாசாவிலிருந்து லோரெட்டோ சந்துக்குள் நுழைந்தால் இடப்பக்கம் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் வாழ்ந்த அக்லாவாசியின் சுவர், வலப்பக்கம் அமாருகாஞ்சா என்ற இன்கா அரண்மனை வளாகத்தின் சுவர். ஒரே சந்தில் இரு கைப் பக்கமும் இன்கா வேலை. ஒப்பிட்டுப் பழக இதைவிட நல்ல இடமில்லை. எட்டு மணிக்கு மேல் இங்கே நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. அங்கிருந்து ரொமெரித்தோஸ் சந்து, பிறகு இன்காக்களின் சூரியக் கோயிலான கோரிகாஞ்சாவின் பின்புறமுள்ள அவாக்பிந்தா தெரு, கடைசியில் துல்லுமாயு அவென்யூவின் நீண்ட சுவர். அவாக்பிந்தாவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தவிர வேறு நடமாட்டம் குறைவு. கோரிகாஞ்சாவுக்குள் கட்டணம் செலுத்திப் பார்க்கும் அதே கைவேலையின் வெளிப்பக்கம் இங்கே தெருவோரமாக நிற்கிறது.

எது இன்கா, எது பின்னால் வந்தது என்று பிரிப்பதில்தான் எல்லோரும் முதலில் சறுக்குகிறார்கள். ஸ்பானியர்கள் இன்காக் கல்லைப் பெயர்த்தெடுத்து மறுபடி அடுக்கினார்கள். ஆகவே கல் அழகாக இருக்கிறது என்பது மட்டும் சான்றாகாது. மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது சாய்வு. தெருவுக்கு முகம் காட்டும் இன்காச் சுவர் மேலே போகப் போக உள்வாங்கும், பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு பாகை. ஸ்பானியர் கட்டிய காலனிச் சுவர் ஏறத்தாழ நேராக நிற்கும். அளக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டே போதும். நூலை சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். மேலே நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, ஒரு மீட்டர் கீழே உள்ள இடைவெளி, இரண்டையும் குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 7 செ.மீ. என்றால் நான்கு பாகை, 8.7 என்றால் ஐந்து, 10.5 என்றால் ஆறு. சுவரில் நூலை ஒட்டிப் பிடித்தால் கணக்கு வராது, ஏனென்றால் அடிக்கல் துருத்தி நிற்பதால் குண்டு அதன் மேல் சாய்ந்துவிடும். சுவரைத் தொடுவதும் கூடாது, இவை பாதுகாக்கப்பட்டவை. அதனால் தெரு முனையில் நின்று, சுவரின் விளிம்பும் தொங்கும் நூலும் ஒரே சட்டகத்தில் வரும்படி படமெடுத்து அறையில் வைத்து அளப்பதே மேல். நூல் இல்லாமல் எடுத்த படம் பயனில்லை. தெருவே சரிவு, எதை மட்டமாகக் கொள்வது என்று பிறகு தெரியாது. காற்றையும் கவனியுங்கள்: பிற்பகலில் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது பொருத்து. முதல்தரச் சுவரில் வெளியே சாந்து தெரியாது. கல் மாற்றியடுக்கிய சுவரில் இடுக்குகளில் சாந்து தெரியும், வரிசைகள் சட்டென முறியும்.

மூன்றாவதுதான் நமக்குப் பிடித்தது: கல்லின் தோல். இன்காக்களிடம் இரும்பு இல்லை. உருண்டைக் கல்லால் கொத்திக் கொத்தித்தான் முகத்தைச் சமைத்தார்கள். கட்டடக்கலை ஆய்வாளர் ழான்-பியேர் புரோட்சன் 1980களில் இதைத் தானே செய்து காட்டினார். பொழுது சாய்ந்தபின் சிறிய டார்ச்சைச் சுவருக்குப் பக்கவாட்டில், கல்லில் படாமல், ஒளி உரசிக்கொண்டு போகும்படி பிடித்துப் பாருங்கள். பகலில் வழுவழுப்பாகத் தெரிந்த கல் அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக எழும்பும். கல்லின் நடுவில் தழும்பு பெரிது. பொருத்தை நெருங்க நெருங்கச் சிறுத்து மிளகளவாகிறது. பெரிய கல்லால் நடுவை அடித்து, விளிம்பை உடைக்காமலிருக்கச் சின்னக் கல்லுக்கு மாறியிருக்கிறார்கள். கருவி மாறிய அந்த இடம் ஒவ்வொரு கல்லிலும் தெரிகிறது. இரும்பு உளியின் நீளக் கீறல் தெரிந்தால் அது பின்னாள் வேலை.

ஒரு எச்சரிக்கை: 1950 மே 21 நிலநடுக்கத்தில் நகரத்தின் பெரும்பகுதி இடிந்தது. அதன் பிறகு சீரமைத்த சுவர்களும் உண்டு. சந்தேகமான சுவரை அடியிலிருந்து மேலாக வாசியுங்கள். கீழே இன்கா, நடுவில் காலனி, உச்சியில் சுடாத மண்கல் என்று அடுக்கடுக்காக வருவதுதான் குஸ்கோவின் இயல்பு.

மூன்றாம் சுற்று: ஏழுகளும் ஏற்றமும்

இது மூன்றாம் நாளுக்கு முன் வேண்டாம். குஸ்கோவில் "ஏழு" என்று தொடங்கும் ஏழு தெருக்கள் உண்டு: ஏழு பாம்பு, ஏழு குட்டித் தேவதை, ஏழு குட்டிப் பிசாசு, ஏழு ஆட்டுக்குட்டி, ஏழு ஜன்னல், ஏழு முகமூடி, ஏழு குவார்த்தோனெஸ். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டியதில்லை. நாசரேனாஸ் சதுக்கத்திலிருந்து ஏழு பாம்புச் சந்தில் புகுந்து சோக்கேச்சாக்கா தெருவுக்கு வாருங்கள். பாம்புகள் கல்லில் மெல்லிய புடைப்பாக இருப்பதால் நேர் வெயிலில் கண்ணுக்கு அகப்படாது. பக்க ஒளி விழும் நேரம் வேண்டும். சோக்கேச்சாக்காவில் மேலே ஏறினால் காலனிக் காலத்து சபந்தியானா நீர்ப்பாலத்தின் வளைவுகள், அடியில் துல்லுமாயு ஓடை. முதல் நாள் தெருவுக்கடியில் மறைந்திருந்த அதே நீர்தான்.

அங்கிருந்து சான் கிறிஸ்தோபல் கோயிலுக்கு ஏறினால் பக்கத்தில் கொல்கம்பாத்தா. ஆள் உயர மாடக்குழிகள் வரிசையாக உள்ள சுவர். ஏற்றத்தில் நூறு படிக்கு ஒரு முறை நில்லுங்கள். பேசிக்கொண்டே ஏற முடியாத வேகம் அதிக வேகம். சனிக்கிழமையாக இருந்தால் காலையில் சாந்தியாகோ பகுதியின் பராத்தில்யோ சந்தையில் பழைய இரும்பு, பழைய கருவிகள் பார்க்கலாம். பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். மற்ற நாள் சாப்பாட்டுக்கு வான்சாக் சந்தை.

நான்காம் சுற்று: மேலிருந்து கீழே

சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் சாக்சாய்வாமானில் தொடங்கி தம்போமாச்சாய் வரை ஏறிக்கொண்டே போகும். அதைத் திருப்பிப் போட வேண்டும். புப்புத்தி தெருவிலிருந்து பீசாக் போகும் வண்டியில் விடியற்காலையில் ஏறி, தம்போமாச்சாயில் இறக்கிவிடச் சொல்லுங்கள். வாயில் ஏழு மணிக்குத் திறக்கும். பத்து நாள் செல்லும் முழுச் சுற்றுலாச் சீட்டின் விலை வெளிநாட்டவருக்கு 130 சோல் (பெரு நாணயம்). 16 இடங்களுக்குச் செல்லும், ஆனால் கோரிகாஞ்சாவும் பேராலயமும் அதில் இல்லை. சீட்டை முன்தினமே வாங்கிவிடுங்கள்.

தம்போமாச்சாயின் நீர்த்தாரை, சாலைக்கு எதிர்ப்புறம் புக்கா புக்காரா என்ற இன்கா அரண், பிறகு வைலியார்கோச்சா ஊர் வழியாக இறக்கம். தார்ச்சாலையை விட்டுப் பக்கத்துப் பாதைக்கு வந்தால் லாக்கோ என்ற குகைப்பாறை. வாசலருகே பாறையில் பாம்பு செதுக்கியிருக்கிறது. உள்ளே இருட்டு, டார்ச் தேவை. அடுத்து கென்கோ என்ற செதுக்குப் பாறைத் தலம், அதன் பின் பழைய இன்காப் பாதையில் சான் பிளாஸ். ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர். நின்று பார்த்து வர நான்கைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். மதியப் பேருந்து வரிசை மேலே ஏறும்போது நீங்கள் கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

வீட்டு நாய்கள் துரத்தினால் ஓட வேண்டாம். குனிந்து கல்லெடுக்கும் பாவனை காட்டினால் நம் ஊர் நாய் போலவே பின்வாங்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், வழுக்கல் கல்லில் இந்த இறக்கத்தைத் தவிருங்கள். ஜூன், ஜூலையில் விடியலில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், பத்து மணிக்கு வெயில் தோலை எரிக்கும். கழற்றி மாட்டும்படி மூன்றடுக்கு உடையும் தொப்பியும் வேண்டும்.

மிச்சமிருப்பது சேக்கே கோடுகள், அதாவது புனித இடங்களைத் தொடுத்து இன்காக்கள் வகுத்த கற்பனைக் கோடுகள். கோரிகாஞ்சாவிலிருந்து கிளம்பும் 41 கோடுகளையும் அவற்றின் மேல் அமைந்த முன்னூற்றுச் சொச்சம் புனித இடங்களையும் பெர்னபே கோபோ என்ற ஜேசுட் பாதிரியார் 1653இல் எழுதி முடித்த நூலில் பட்டியலிட்டிருக்கிறார். வடக்குப் பக்கக் கோடு ஒன்றை எடுத்து, ஊற்றாகவோ பாறையாகவோ இன்றும் நிற்பவற்றை மட்டும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு வருகிறோம். தொடக்கம் அவாக்பிந்தா முனை.