ப இல்லை, ப்

"அப்பா, அது ‘ப’ இல்லை, ‘ப்’. உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"

கேட்டது என் மகள். வயது ஐந்து. பள்ளியில் கொடுத்தனுப்பிய ஆங்கில ஒலி அட்டைகளை சோபாவில் பரப்பி வைத்துக்கொண்டு, என்னை மாணவனாக உட்கார வைத்திருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றால், அருப்புக்கோட்டையில் ஓட்டுக்கூரைப் பள்ளி ஒன்றில், கையில் பிரம்போடு நின்ற ஒரு டீச்சர். ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று அவர் சொல்ல, நாற்பது பேர் ஓட்டைப் பிளப்பது போலத் திருப்பிச் சொன்னோம். அந்த ஆங்கிலத்தை வைத்துத்தான் பன்னிரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். சோபாவில் அது செல்லுபடியாகவில்லை.

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊர் ரெடிங். எழுத்தைப் பார்த்தால் ‘ரீடிங்’ என்றுதான் இருக்கும். வந்த முதல் நாள் பேடிங்டன் ஸ்டேஷனில் "ஒரு ரீடிங்" என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் "ரெடிங்?" என்று மெதுவாகத் திருத்தி டிக்கெட் தந்தார். இந்த நாட்டில் கண்ணை நம்பி வாயைத் திறக்கக்கூடாது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இங்கே நான்கு வயதில் ரிசப்ஷன் வகுப்பு, அதாவது முதலாம் வகுப்புக்கு முந்தைய வருஷம். போன உடனே ஏ, பி, சி, டி வரிசை வரும் என்று காத்திருந்தேன்; வரவே இல்லை. எழுத்தின் பெயரை விட்டு ஒலியில் தொடங்கும் ‘ஃபோனிக்ஸ்’ முறை இது. முதலில் ஆறு ஒலிகள்: ஸ், அ, ட், ப், இ, ன். (அந்த ‘அ’ நம் அ இல்லை, ஏ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது, அதைத் தேடித்தான் நான் இன்னும் அலைகிறேன்.) இந்த ஆறை வைத்தே பின், டின், டாப் (tap) என்று குழந்தை முதல் மாதத்திலேயே படிக்கத் தொடங்கிவிடுகிறது. எழுத்து 26தான், ஒலி ஏறக்குறைய 44. அதனால் இரண்டெழுத்து சேர்ந்து ஒரே ஒலி தந்தால் டைகிராஃப், மூன்று சேர்ந்தால் டிரைகிராஃப். பல் விழாத பிள்ளை இதையெல்லாம் ‘அம்மா, பால்’ என்பது போலச் சர்வசாதாரணமாகச் சொல்கிறது.

பெற்றோருக்கு ஒரு நாள் மாலை வகுப்பு வைத்தார்கள். முழங்கால் முகவாயை இடிக்கும் குட்டி நாற்காலிகளில் நாங்கள். ஒலிக்குப் பின்னால் ‘அ’ என்று வால் ஒட்டாதீர்கள், வால் ஒட்டினால் குழந்தையால் கூட்டிப் படிக்க முடியாது என்று டீச்சர் அரை மணி நேரம் விளக்கினார். சுற்றியிருந்தவர்கள் திண்டாடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, புள்ளி! மெய்யெழுத்தின் தலையில் நாம் வைக்கிற புள்ளி. எழுத்துக்கூட்டிப் படி என்று தலையில் குட்டிச் சொன்னார்களே, அதேதான் இதுவும். ‘ம்’ வந்தபோது எல்லோரும் உதட்டை மூடி ம்ம்ம் என்றார்கள். எனக்கு மொட்டைமாடியும் பாட்டியும் ஞாபகம் வந்தார்கள். ‘ம்’ கொட்டுவதை நிறுத்தினால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள்.

இதெல்லாம் சரி. என் தீராத மனக்குறை ஏலியன் வார்த்தைகள்.

முதலாம் வகுப்பு முடியும் ஜூன் மாதத்தில், டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து 40 வார்த்தை படிக்கச் சொல்வார். 2012-லிருந்து நடக்கும் தேர்வு இது. அதில் 20 வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. பக்கத்தில் ஒரு விசித்திர ஜந்துவின் படம் இருக்கும். அது அந்த ஜந்துவின் பெயராம். பார்த்துப் பழகிய ஞாபகத்தில் ஒப்பிக்காமல், நிஜமாகவே கூட்டிப் படிக்கிறதா என்று கண்டுபிடிக்க இந்த ஏற்பாடு. நியாயம்தான். ஆனால் ஊருக்கு வீடியோ காலில் இதைச் சொன்னதும் அம்மா கேட்டாள்: "அர்த்தமில்லாத வார்த்தையைப் படிக்கவாடா பிள்ளையை லண்டனுக்குக் கூட்டிட்டுப் போனே?" அம்மாவுக்கு ரெடிங்கும் லண்டன்தான்.

ராத்திரி ராத்திரி பயிற்சி. ‘வொம்ப்’, ‘ஸ்நெக்’, ‘ஜாட்’. அர்த்தம் இருந்தாலாவது நான் சமாளிப்பேன்; அர்த்தமில்லாத வார்த்தையில் என் நாக்கு அம்மணமாக நிற்கிறது. "மேல்பல்லை உதட்டுல வைப்பா, இது வேற வ" என்கிறாள். நாங்கள் வெஸ்ட் ரெடிங்கில் இருக்கிறோம் என்று நான் சொன்னால், என் ‘வ’ மாறி, west என்பது பனியனைச் சொல்லும் vest ஆகி, பனியன் ரெடிங் என்று அவளுக்குக் கேட்கிறதாம். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இதைச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்துவிட்டாள்.

இப்போது பழகிவிட்டது. மெழுகுவர்த்தியை ஊதுவது போல ‘ப்’ சொல்கிறேன், நன்றாகவே வருகிறது. ஆனால் ஊதும்போதெல்லாம் அந்த விஜயதசமி நினைவுக்கு வந்து தொலைக்கிறது. மூன்று வயதில் அவளை மடியில் வைத்து, எவர்சில்வர் தட்டில் அரிசி பரப்பி, விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தோம். பச்சரிசி கிடைக்காமல் பாசுமதி. அம்மா, ஆடு, இலை என்று அழகாகக் கிளம்பிய பிள்ளை, ஏணி வரை ஏறி நின்றுவிட்டது. ரிசப்ஷன் தொடங்கிய பிறகு ஐவரும் வரவில்லை, ஒட்டகமும் வரவில்லை. நேரம் இல்லை என்று நானும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம்.

போன வாரம் ஊரிலிருந்து பார்சல் வந்தது. கூரியர்க்காரர்கள் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றார்களாம். அப்பா உள்ளே இருக்கும் பொட்டலங்களில் கூடப் பால்பாயின்ட் பேனாவால் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். மகள் ஒன்றை எடுத்து, விரல் வைத்து, இடையில் ஒரு டைகிராஃபையும் கண்டுபிடித்து, கூட்டினாள்.

"பா... ரப்... ப. பொ... டி."

நிமிர்ந்து பார்த்தாள். "நிஜ வார்த்தையா, ஏலியன் வார்த்தையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் பக்கத்தில் மூன்று கண் ஜந்து ஒன்றை வரைந்து முடித்துவிட்டாள். பிரித்ததும் வறுத்த பருப்பும் பெருங்காயமும் மணத்தன. மூக்கை உறிஞ்சினாள். நெய் விட்டுப் பிசைந்து தந்தால் இரண்டு கிண்ணம் சாப்பிடுகிறவள்.

"ஹே, இது பருப்புப் பொடி!"

பிறகு பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தாத்தாவுக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"