கயிற்றுக்கு இந்தப் பக்கம்: சீல் நாட்குறிப்பு

நவம்பர் 5, புதன்

ஹார்ஸியில் சீல்கள் (கடல்நாய்கள்) குட்டி போடத் தொடங்கிவிட்டன. இங்கிலாந்தின் நார்ஃபோக் கரையில் வட கடலைப் பார்த்த நீண்ட மணல் கடற்கரை இது. விடியும் நேரத்துக்கு மணல்மேட்டின் மேல் போய்ச் சேர்ந்தேன். கீழே அங்கங்கே சாம்பல் சீல்கள் கிடந்தன, சிலவற்றின் பக்கத்தில் குட்டியும் இருந்தது. ஒரு குட்டியின் முடி இன்னும் மஞ்சளாக இருந்தது. பனிக்குட நீரின் கறை அது, ஓரிரு நாளில் வெளுத்துவிடும். அப்படியென்றால் அது நேற்றோ இன்றோ பிறந்தது.

இந்தப் பருவத்தில் கடற்கரைக்குள் யாரும் இறங்குவதில்லை. மேட்டின் விளிம்பில் கயிறு கட்டியிருக்கிறார்கள், தன்னார்வலர்கள் நின்று வழி சொல்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் படம் எடுக்க வேண்டும். அதனால்தான் நீண்ட லென்ஸ்.

முழு அளவு சென்சார் (பழைய ஃபிலிம் அளவு) உள்ள கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் போட்டு 50 மீட்டர் தள்ளிப் பார்த்தால் படச் சட்டத்தின் அகலத்தில் 3 மீட்டர் அடங்கும். பெண் சீலின் நீளம் 2 மீட்டருக்குள்தான். ஆக, ஐம்பது மீட்டரிலேயே தாயும் தலைமாட்டில் குட்டியுமாகச் சட்டம் நிறைந்துவிடுகிறது. லென்ஸின் திறப்பு எஃப் 6.3-இல் இருந்தால் ஃபோகஸ் ஆழம் (தெளிவாக விழும் தூரம்) சுமார் இரண்டரை மீட்டர் வருகிறது, இரண்டும் தெளிவாக விழும். இதற்கு மேல் கிட்டப் போய் என்ன கிடைக்கப்போகிறது?

இன்னொன்று, கோணம். நான் இருக்கும் மேடு ஐந்து மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டரில் கிடக்கும் சீலை எடுத்தால் கேமரா ஏறக்குறைய 27 பாகை கீழே குனிகிறது. முதுகும் மண்டையும்தான் படத்தில் வரும். அறுபது மீட்டரில் கிடப்பதை எடுத்தால் அந்தக் கோணம் 5 பாகைக்குள் அடங்குகிறது. சீலின் கண்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். மேட்டின் மேல் குப்புறப் படுத்து, பீன் பேக்கில் (மணி நிரப்பிய சின்னப் பையில்) லென்ஸைக் கிடத்தி, தூரத்தில் இருப்பதை எடுப்பதுதான் நல்ல படம். முன்னால் நிற்கும் புல் ஃபோகஸைப் பிடித்து இழுக்கும். லென்ஸில் உள்ள தூர வரம்பு சுவிட்சைப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, புல் வெறும் மெல்லிய திரையாகக் கரைந்துவிடும்.

நவம்பர் 9, ஞாயிறு

பளிச்சென்று வெயில். எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கில்லை. பத்து மணிக்கு மேல் மணல் சூடாகி, அதன் மேல் குளிர்காற்று ஓட, லென்ஸுக்குள் சீல்கள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல நெளியத் தொடங்கின. கானல்தான். எந்த ஷட்டர் வேகமும் இதைச் சரிசெய்யாது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 1.4 மடங்கு பெரிதாக்கும் கன்வெர்ட்டர் மாட்டினால் கலங்கலும் சேர்ந்துதான் பெரிதாகும், அதோடு ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சமும் போகும். கண்ணுக்குத் தெரியாத அளவு கானல்கூட மீசை முடியை அழித்துவிடுகிறது. ஃபோகஸ் பிசகிவிட்டது என்று பலர் லென்ஸைத் திட்டுவது இதனால்தான்.

காரின் கதகதப்பிலிருந்து எடுத்த லென்ஸும் முதல் அரைமணி நேரம் இதையே செய்யும். லென்ஸ் முனையில் மாட்டும் ஹூடுக்குள் நிற்கும் சூடான காற்றே போதும். வந்தவுடன் பையைத் திறந்து வைத்துவிட வேண்டும்.

மேகம் மூடிய நாள்தான் இந்த வேலைக்கு ஏற்றது. கானல் இல்லை, வெள்ளைக் குட்டியின் முடி ஒவ்வொன்றும் விழும். குட்டி சட்டத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்கிறேன். பக்கத்தில் ஈரமான தாய் கிடந்தால் கூட்டுவதை அளவோடு நிறுத்துகிறேன். வெள்ளை வெந்துவிட்டால் அதில் ஒன்றும் மீளாது, கறுப்பிலிருந்து எதையாவது எடுக்கலாம்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

போனில் வீட்டோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு ஒருவர் மகளோடு பக்கத்தில் வந்து நின்றார். பெண்ணுக்கு ஏழெட்டு வயதிருக்கும். கேமராவின் பின்திரையில் ஒரு குட்டியின் முகத்தைக் காட்டினேன். பெரிதாக்கி ஒரு பக்கத்து மீசை முடிகளை விரல் வைத்து எண்ணத் தொடங்கிவிட்டாள். மூக்கருகில் ஒட்டிய மணல் துகள்கள், மேலுதட்டில் பால் ஈரம், எல்லாம் தெரிந்தது.

“அங்கிள், இதைத் தொட்டுப் பாக்கலாமா? இவ்வளவு கிட்ட இருக்கே!”

அப்பாவும் கேட்டார். “அண்ணே, நீங்க எந்தப் பக்கமா இறங்கி எடுத்தீங்க? சொன்னா நாங்களும் ஓரமா ஒரு நிமிஷம் போயிட்டு வந்துருவோம்.”

நான் இறங்கவே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. என் போனை எடுத்து அதே இடத்திலிருந்து அதே குட்டியைப் படம் எடுத்துக் காட்டினேன். நீளமான மணல், அதில் அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அப்பாவும் மகளும் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“அப்ப உங்க படத்தைப் பாக்குறவங்க எல்லாம் பக்கத்துல போய் எடுத்ததாத்தானே நினைப்பாங்க?” என்றார் அவர்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நியாயமான கேள்வி. நான் கயிற்றுக்குப் பின்னால் படுத்து எடுக்கிறேன், சரி. படம் போய்ச் சேரும் இடத்தில் கயிறு தெரிவதில்லை. முகம் மட்டும்தான் தெரிகிறது. இங்கே நிற்கும் தன்னார்வலர் ஒருவரிடம் சொன்னேன். போனில் இப்படிப்பட்ட படங்களைத் திறந்து காட்டி “இது எந்த இடம், எப்படிப் போவது” என்று கேட்கிறவர்கள் தினமும் வருகிறார்கள் என்றார் அவர்.

கிட்டப் போனால் என்ன ஆகும் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ 14 கிலோ. தாய் பால் கொடுப்பது இரண்டரை வாரம் போல. பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு, அதனால் அந்தக் கொஞ்ச நாளிலேயே குட்டியின் எடை மூன்று மடங்காகிவிடும். அத்தனை நாளும் தாய் எதுவும் சாப்பிடாது. நாம் பயமுறுத்தித் தாய் கடலுக்குள் ஓடினால், இருக்கும் சில நாட்களில் ஒரு வேளைப் பால் போயிற்று. திரும்பத் திரும்ப ஓட வைத்தால் குட்டியைக் கைவிடவும் கூடும். அவள் யோசித்துவிட்டு, “அப்போ இங்கேயே நிக்கலாம்” என்றாள். அப்பா சிரித்தார்.

இன்றிலிருந்து, நான் வெளியிடும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே தூரமும் லென்ஸும் எழுதப்போகிறேன். வெட்டிச் சிறிதாக்கிய படமென்றால் அதையும் சொல்வேன். ஒவ்வொரு தொகுப்பிலும் முதல் படம், அங்கே நின்றால் வெறும் கண்ணுக்கு என்ன தெரியுமோ அது.

நவம்பர் 22, சனி

கேமராவை நேராகப் பார்க்கும் சீல் படம் பற்றி.

எல்லாரும் விரும்பும் படம் அது. தலை நிமிர்ந்து, பெரிய கரிய கண்கள் நம் மேல் பதிந்து. ஆனால் படுத்திருந்த சீல் தலையைத் தூக்கி ஒரே இடத்தைப் பார்ப்பதுதான் அது கலைந்ததன் முதல் அடையாளம். அடுத்து உடம்பைத் திருப்பும், துடுப்பை அசைக்கும், பிறகு தண்ணீரை நோக்கி நகரும். முதல் அடையாளத்திலேயே நான் லென்ஸைத் தாழ்த்திவிடுகிறேன். அது திரும்பத் தலை சாய்த்தால் தொடர்வேன். காற்று என் முதுகிலிருந்து கடல் பக்கம் வீசினால் வேறு இடம் பார்க்கிறேன், மோப்பம் அவற்றுக்குக் கூர்மை.

இன்று காலை முழுக்க உறங்கும் ஒரு தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீலின் மூக்குத் துளை இயல்பாகவே மூடிக்கிடக்கும். மூச்சு விடத்தான் தசையை இயக்கித் திறக்க வேண்டும். உறக்கத்தில் கரையிலும் நிமிடக்கணக்கில் மூச்சை நிறுத்திக்கொள்ளும். 600-இல் அதைப் பார்ப்பது தனி அனுபவம். இரண்டு கோடுகளாக ஒட்டிக்கிடக்கும் துளைகள் ஒன்றும் செய்யாமல் அப்படியே கிடக்கின்றன. திடீரென்று வட்டமாக விரிகின்றன, முன்னால் கிடக்கும் மணல் துகள்கள் பறக்கின்றன, இரண்டு மூன்று மூச்சு, மறுபடி கோடு. துகள்கள் பறக்கும் அந்த நொடியைப் பிடித்தேன். கண் மூடியிருக்கிறது, கண்ணைச் சுற்றி ஈரமான கரிய வளையம். கண்ணீரை மூக்குக்குள் வடிக்கும் குழாய் சீலுக்குக் கிடையாது, அதனால் கன்னத்தில்தான் வழியும். பார்க்கிறவர்கள் அழுகிறது என்பார்கள். அதற்கு ஒரு துயரமும் இல்லை, கண்ணுக்கு ஈரம் இருக்கிறது, அவ்வளவுதான்.

என்னைப் பார்க்காத இந்த முகம்தான் இந்தப் பருவத்தில் எனக்குப் பிடித்த படம். என்னால் அதற்கு ஒரு மூச்சுகூடத் தப்பவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

ஆண்கள் சண்டை. முந்நூறு கிலோ வரை எடை வரும் உடம்புகள் மணலில் இவ்வளவு வேகமாக நகரும் என்று நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். வாயைத் திறந்து கழுத்தைக் குறிவைக்கின்றன. தடித்த கழுத்துத் தோல் முழுக்கப் பழைய தழும்புகள். மூன்றே முக்கால் மணிக்குள் சூரியன் போய்விடுகிறது, அந்த வெளிச்சத்தில் 1/1600 நொடி ஷட்டர் வேகம் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) ஆறாயிரத்தைத் தாண்டும். தாண்டட்டும். அதனால் படத்தில் விழும் புள்ளிகளை மென்பொருளில் குறைக்கலாம், அசைவால் வந்த கலங்கலைச் சரிசெய்ய முடியாது.

சண்டையின் வழியில் ஒரு குட்டி கிடந்தது. லென்ஸை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். தாய் இடையில் புகுந்து உறுமியதில் ஆண் விலகிப்போனது. அதைப் படம் எடுக்கத் தோன்றவே இல்லை.

டிசம்பர் 6, சனி

காற்று, மணல், உப்புச் சாரல். வீட்டுக்கு வந்து முன்கண்ணாடியை முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறும். படம் எதுவும் உருப்படியாக இல்லை.

டிசம்பர் 13, சனி

ஒரு பெண் சீலின் கழுத்தில் பிளாஸ்டிக் வளையம். கடற்கரையில் வீசி விளையாடும் நடு ஓட்டையுள்ள தட்டு. இளம் சீல் விளையாட்டாகத் தலையை நுழைத்துவிடும். பிறகு கழுத்து பெருக்கும், வளையம் பெருக்காது. இந்தச் சீலுக்கு அது சதைக்குள் புதைந்து, விளிம்பில் சிவந்த புண் தெரிந்தது. வெறும் கண்ணுக்கு ஒரு கறுப்புக் கோடுகூடத் தெரியவில்லை. லென்ஸில்தான் தெரிந்தது.

தன்னார்வலரை அழைத்துக் காட்டினேன். அவருக்கு வேண்டியதெல்லாம் படங்கள்தான். வளையம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, வாயைத் திறந்து குரல் கொடுக்கிறதா, உடம்பு மெலிந்திருக்கிறதா. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுபடி பார்த்தால் அடையாளம் காண அதன் உடம்புப் புள்ளிகள். பெண் சீல்களின் புள்ளிக் கோலம் ஒன்றுக்கொன்று மாறுபடும், ஆண்டுதோறும் முடி உதிர்ந்து முளைத்தாலும் அதே கோலம் திரும்ப வரும். இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு, இரண்டும் தேவை.

வலப்பக்கம் கிடைத்தது. பக்கத்தில் குட்டிகள் நிறைய இருப்பதால் இப்போது ஆட்களை இறக்க முடியாது, கூட்டம் மொத்தமாகக் கலைந்து குட்டிகள் நசுங்கிவிடும் என்றார். இருட்டும் வரை காத்திருந்தேன். அது திரும்பிப் படுக்கவில்லை. படங்களைச் சுருக்காமல், நேரமும் இடமும் குறித்து இரவே அனுப்பினேன்.

கடற்கரைக்கு அப்படிப்பட்ட தட்டு கொண்டுபோகிறவர்கள், தயவுசெய்து ஓட்டை இல்லாததாகக் கொண்டுபோங்கள்.

டிசம்பர் 28, ஞாயிறு

தாய்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டன. கிளம்பும் முன்பே இணை சேர்ந்துவிடும். கரு உடனே பதியாமல் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்து வளரத் தொடங்கும், அதனால்தான் அடுத்த ஆண்டும் இதே பருவத்தில் பிறப்பு. பால் மறந்த குட்டிகள் தனியாகக் கிடக்கின்றன. வெள்ளை முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்து, அடியில் வழுவழுப்பான சாம்பல் முடி. முகம் மட்டும் மாறி, தோளில் வெள்ளைச் சால்வை போர்த்தியதுபோல ஒன்று. இவை கைவிடப்பட்டவை அல்ல. சேர்த்து வைத்த கொழுப்பில் சில வாரம் பட்டினி கிடந்து, பிறகு தானாகக் கடலில் இறங்கும். தனியாகக் கிடக்கிறதே என்று தண்ணீர்ப் பக்கம் விரட்டிவிடுவது நல்லெண்ணத்தில் செய்யும் கேடு.

தூரம் எழுதிப் போடுவது பற்றி. “60 மீட்டர், 600 மி.மீ., கால்பங்கு வெட்டியது” என்று கீழே போட்டபின் வரும் கேள்விகளே வேறு மாதிரி இருக்கின்றன. எங்கே இறங்குவது என்று யாரும் கேட்கவில்லை, எப்படிப் படுப்பது, எந்த லென்ஸ் என்று கேட்கிறார்கள். க்ராப் சென்சார் (சிறிய சென்சார்) உள்ள கேமராவில் 400 மி.மீ. போதும் என்பதே என் பதில். பார்வைக்கோணம் 600-க்குச் சமமாகிவிடும். அதற்கும் வழியில்லையென்றால் அகலமாக எடுங்கள். கடல், மேகம், நடுவே சின்னதாக ஒரு தாயும் குட்டியும். இந்தப் பருவத்தில் நான் எடுத்ததில் இரண்டு நல்ல படங்கள் அப்படிப்பட்டவை.

பிப்ரவரியில் பெரிய சீல்கள் முடி உதிர்க்கக் கூட்டமாகக் கரையேறும். வளையம் மாட்டிய அந்தப் பெண்ணும் வரக்கூடும். அதன் வலப்பக்கப் படத்தை அச்செடுத்துக் கேமரா பையில் வைத்திருக்கிறேன். தோளுக்குக் கீழே இரண்டு புள்ளிகள் ஒட்டி எட்டு போல இருக்கும். பார்க்கிறவர்கள் கீழே இறங்காமல் இடப்பக்கத்தை எடுத்துத் தன்னார்வலர்களுக்கு அனுப்புங்கள்.