அம்மாவின் சாயமும் பச்சைத் தேயிலையும்

கல்லடிப் பக்கம் இப்ப பல வீடுகளில் பச்சைத் தேயிலைப் பெட்டி ஒன்று இருக்கிறது. சீனி வருத்தத்துக்கு நல்லதாம். எங்கட அம்மாவும் அதை நம்பி, சீனி வருத்தத்துக்குப் போடுகிற மெட்போமின் மாத்திரையை நிறுத்தப் பார்த்தா. நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறவள், விடவில்லை. அம்மா கேட்ட பேச்சில் பாதி உண்மை இருக்கிறபடியால்தான் இதை எழுதுகிறேன்.

தேயிலைக் கொழுந்தில் கட்டெக்கின் என்ற சேர்வைகள் நிறைய உண்டு. மலைநாட்டுத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும்போது கலங்கள் உடைகின்றன. இலையின் நொதியமும் (என்சைம்) காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து கட்டெக்கினைத் தியாபிளவின், தியாரூபிஜின் என்று மாற்றிவிடுகின்றன. நம்முடைய சாயத்தின், அதாவது பால் விடாத கறுப்புத் தேநீரின், செம்மஞ்சள் மினுக்கம் தியாபிளவின் தருவது. பச்சைத் தேயிலையை முதலிலேயே சூடாக்கி நொதியத்தைச் செயலிழக்கச் செய்வதால் கட்டெக்கின் பெரும்பாலும் அப்படியே தங்குகிறது.

சோற்றின் மாப்பொருளைக் குளுக்கோசாக உடைக்கிற நொதியங்களை கட்டெக்கின், தியாபிளவின் ஆகிய இரண்டு வகைச் சேர்வைகளும் சோதனைக் குழாயில் தடுக்கின்றன. ஆனால் குடிக்கிற கட்டெக்கினில் கொஞ்சம்தான் இரத்தத்தில் சேரும். மனிதரிடம் செய்த பரிசோதனைகளில் வெறுவயிற்றுச் சீனி சிறிதளவு இறங்கியதாகச் சிலவற்றில் தெரிகிறது. இரத்தச் சீனியின் மூன்று மாத நிலையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஒரு பரிசோதனையில் இறங்கும், இன்னொன்றில் அசையாது. மருந்தை விடுவதற்கு இது போதுமா?

அம்மா சாயம் ஊற்றுகிற விதத்தைப் பாருங்கள். தண்ணி தளதளவென்று கொதிக்கவேணும், இஞ்சி தட்டிப் போடவேணும், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு கரண்டி ஏறத்தாழ 4 கிராம். காலை, பத்து மணி, பின்னேரம், ஆட்கள் வந்தால் இன்னும் இரண்டு: 40 கிராம். சாதாரண ஆளுக்கே 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தியாபிளவின் எவ்வளவு நல்லதென்றாலும் இந்தச் சீனிக்கு ஈடுகொடுக்காது.

"சீனி இல்லாமச் சாயம் எப்பிடிப் புள்ள இறங்கும்?" என்றா. அரைக் கரண்டியாகக் குறைத்தோம். மறுகா அதையும் விட்டா. இப்ப இஞ்சியும் ஏலமும் போதுமாம். கறுப்போ பச்சையோ, சீனி போடாமல் தாராளமாகக் குடிக்கலாம். சாப்பாட்டோடு மட்டும் வேண்டாம், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுப்பதை அது குறைக்கும்.

மாத்திரையாக விற்கிற பச்சைத் தேயிலைச் சாறு வேறு விஷயம். அதிலுள்ள ஈஜிசிஜி என்ற கட்டெக்கின் நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் ஈரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது. யாராவது வாங்கித் தந்தால், விழுங்க முதல் பெட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.