பத்து சென்ட், இருபத்துநாலு பாத்தி, ஒரு நீர்ப்பாய்ச்சி

தெருக்காரர்கள் சேர்ந்து கூட்டுத் தோட்டம் போடலாம் என்று பேச்சு எழுந்ததும் முதலில் வரும் கேள்வி, "என்ன விதைக்கலாம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. மே மாதம் பள்ளி விடுமுறையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும்போது வால்வைத் திறந்துவிடப் போவது யார்? பூச்சி விழுந்தால் செடி போக வாரக்கணக்காகும். அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் நின்றால் நாற்று இரண்டே நாளில் கருகிவிடும்.

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளம் வெட்ட, கரை கட்ட எல்லோரும் குடிமராமத்துக்கு வந்தார்கள். ஆனால் மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் கட்டுவது நீர்ப்பாய்ச்சி ஒருவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்கு நெல் உண்டு. தோட்டத்துக்கும் அதே ஏற்பாடுதான் சரி. களை பறிக்க, உரம் போட, காய் பறிக்க எல்லோரும் வரட்டும். தண்ணீருக்கு மட்டும் கூலி கொடுத்து ஒருவரை வையுங்கள். வாட்ஸ்அப்பில் "இன்று யார் முறை?" என்று ஓடும் தோட்டம் ஒரு கோடையைத் தாண்டுவது அபூர்வம்.

இனி இடம். பத்து சென்ட் என்றால் 4,356 சதுர அடி, முப்பது வீடுகளுக்குப் போதும். அதைவிடப் பெரிதாகத் தொடங்குவது ஆசை, அவ்வளவுதான். மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று விட்ட இடம் உள்ளாட்சியின் பொறுப்பில் இருக்கும். கவுன்சிலர் வாயால் சொன்ன சம்மதம் அடுத்த தேர்தலுக்குப் பின் நிற்காது; எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தனியார் காலி மனை என்றால் குறைந்தது மூன்று வருட ஒப்பந்தம் வேண்டும், ஏனென்றால் மண் சரியாவதற்கே முதல் வருடம் போய்விடும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். ஒப்பந்தம் போட, வங்கிக் கணக்கு தொடங்கக் குழுவுக்கு ஒரு பெயர் தேவைப்படும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கமாகப் பதியலாம். காசோலையில் இருவர் கையெழுத்து இருக்கட்டும்.

இடத்தை ஒருமுறை காலையிலும் ஒருமுறை மாலை நான்கு மணிக்கும் போய்ப் பாருங்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் கீரை வரும், காய் வராது. அக்கம்பக்கத்தாரிடம் 2023 டிசம்பர் 17, 18 மழையில் அந்த மனையில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேளுங்கள். சுவரில் அந்தக் கறை இன்னும் இருந்தால் மோட்டார் ஸ்டார்ட்டரும் விதைப் பெட்டியும் அதற்கு மேலேதான் இருக்க வேண்டும்.

பாளையங்கோட்டைப் பக்கச் செம்மண்ணும் மானூர்ப் பக்கக் கரிசலும் வேறு வேறு கைப்பக்குவம் கேட்பவை. செம்மண்ணில் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும், மக்கு உரம் அதிகம் வேண்டும். கரிசலில் ஐப்பசி மழைக்கு வேர் அழுகும், பங்குனியில் மண் வெடித்துச் சொட்டுநீர்த் தண்ணீர் வெடிப்புக்குள் போய்விடும். ஆனால் நகர மனைகளில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. இருப்பது கட்டட இடிபாடு. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர் மஞ்சளடிக்கும், நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். அதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் நிறைய. முதலில் ஓரடி ஆழத்துக்கு மம்பட்டியால் கொத்திக் கல்லையும் காரையையும் அள்ளுங்கள். பிறகு பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில வி எழுத்துப் போலக் குழி வெட்டி, அரையடி ஆழம் வரை பக்கச் சுவரைச் சீவி எடுத்து, கலந்து, அரை கிலோ மண்ணை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு லிட்டர் கூடவே கொடுங்கள். மண்ணைவிடத் தண்ணீர்தான் பல இடங்களில் காலை வாருகிறது.

பாத்தி நான்கடி அகலம், இருபதடி நீளம். இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடுவை எட்ட வேண்டும், அதற்குத்தான் நான்கடி. ஐந்தடி போட்டால் யாராவது உள்ளே மிதிப்பார்கள், மிதித்த இடம் இறுகும். நடைபாதை இரண்டடி, தள்ளுவண்டி போகும் பெரிய பாதை நான்கடி. இந்தக் கணக்கில் இருபத்துநாலு பாத்தி போக, உரத்தொட்டிக்கும் நாற்றங்காலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடம் மிஞ்சும். முதல் முறை பாத்திக்கு 40 கிலோ மக்கிய தொழுவுரம், முக்கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு. அடுத்தடுத்த பட்டங்களுக்கு (விதைப்புப் பருவங்களுக்கு) 20 கிலோ போதும். பச்சைச் சாணியைப் போட்டால் கரையானும் வேர்ப்புழுவும் கூடவே வரும். புரட்டாசி கடைசிக்குள் பாத்தியை முக்கால் அடி உயர்த்துங்கள், கரிசலில் ஓரடி. மாசியில் அதையே தாழ்த்தி, சருகு மூடாக்குப் போட்டுவிடலாம்.

தண்ணீர்க் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் குழாய் வாங்கப் போகாதீர்கள். இருபத்துநாலு பாத்தியும் சேர்ந்து சுமார் 178 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் என்றால் 900 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சித்திரை, வைகாசியில் 1,200 வரை போகும். 2,000 லிட்டர் தொட்டியை ஆறடி மேடையில் வைத்தால் கோடையிலும் ஒன்றரை நாள் கைவசம் இருக்கும். பாத்திக்கு இரண்டு வரிசை, 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை உள்ள 16 மில்லிமீட்டர் சொட்டுக்குழாய். ஆக, பாத்திக்கு 40 துளை.

இங்கேதான் பலர் ஏமாறுவது. குழாயில் மணிக்கு 2 லிட்டர் என்று போட்டிருப்பது பத்து மீட்டர் உயரத்து அழுத்தத்துக்கு. ஆறடி மேடையிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அதில் பாதிகூட வராது, 0.9 லிட்டர் வந்தால் அதிகம். எனவே பாத்திக்கு மணிக்குச் சுமார் 36 லிட்டர். நாளுக்கு ஒரு மணி நேரம் திறந்தால் தேவை தீரும், அக்னி நட்சத்திரத்தில் கால் மணி, இருபது நிமிடம் கூடுதலாக. அரை மணி போதும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பினால் மேல்மண் மட்டும் நனைந்து, வேர் மேலேயே படர்ந்து, ஒருநாள் தவறியதும் செடி சுருண்டுவிடும். மெயின் குழாய் 40 மில்லிமீட்டர் பி.வி.சி. ஆக இருக்கட்டும். முக்கால் இஞ்சு ஓஸில் இழுத்தால் கடைசிப் பாத்திக்குச் சொட்டாது. ஆறு பாத்திக்கு ஒரு வால்வு வையுங்கள்; நாற்றுக்கும் சேனைக்கும் ஒரே அளவு தண்ணீர் விட வேண்டிய கட்டாயம் இருக்காது.

தொட்டி வாயில் சல்லடை வடிகட்டி, வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் வாரம் ஒருமுறை திறந்து கலங்கல் போகும்வரை ஓடவிட வேண்டும். ஆழ்துளைத் தண்ணீரின் உப்பு துளையில் வெள்ளையாகப் படியும். டி.டி.எஸ். (லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 500-க்குள் இருந்தால் பெரும்பாலும் எதையும் போடலாம். அதைத் தாண்டினால் பீன்ஸும் வெங்காயமும், 650-ஐத் தாண்டினால் மிளகாயும் முனங்கத் தொடங்கும். 1,000 வரை தக்காளி தாங்கும். நகருக்குள் ஓடும் வாய்க்கால்களில் சாக்கடை கலப்பது ஊரறிந்தது. அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்துக் கீரைக்கு விடுவதைவிடத் தோட்டமே வேண்டாம்.

உரத்துக்கு மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் நான்கடிக்கு நான்கடி, மூன்றரை அடி உயரம். பனைவரிச்சோ பழைய மரச்சட்டமோ போதும், காற்று புக இடைவெளி விட்டு அடியுங்கள். அடியில் அரையடிக்குத் தென்னை மட்டைத் துண்டுகள். வீட்டுக்கு அரை கிலோ காய்கறிக் கழிவு என்றால் நாளுக்குப் பதினைந்து கிலோ சேரும். ஒரு வாளி ஈரக்கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு. ஒரு மாதத்தில் ஒரு தொட்டி நிரம்பும், அதை அடுத்ததற்குள் புரட்டிப் போட வேண்டும். நடுவே கையை விட்டால் சுட வேண்டும். சுடவில்லை என்றால் ஈரம் போதவில்லை. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை, புளித்த நாற்றம் என்றால் காற்று போகவில்லை. மீன் கழிவும் எலும்பும் கூடாது, எலியும் நாயும் அன்றைக்கே வரும். வாழைமட்டை இங்கே இலவசமாகக் கிடைக்கும், ஆனால் சாண் நீளத்துக்கு நறுக்கிப் போட்டால்தான் மக்கும்.

ஒரு சிக்கல் மழைக்காலத்தில்தான் தெரியும்: சருகு கிடைக்காது. வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். தெருத் தெருவாக அதைக் கூட்டி எரிப்பதற்கு முன் சாக்கில் கட்டி வந்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் அது பொன். இன்னொன்று, தொட்டியில் வளைந்து கிடக்கும் தடித்த வெள்ளைப் புழு காண்டாமிருக வண்டின் குஞ்சாக இருக்கலாம். புரட்டும்போது பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள், பக்கத்து வீட்டுத் தென்னை பிழைக்கும்.

பட்டம் பார்க்கும்போது புத்தகத்து ஆடிப்பட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது நெல்லை நகரில் வெறும் காற்றுதான். அம்மியையே பறக்கவைக்கும் அந்தக் காற்றில் பந்தல் கவிழும், முருங்கை முறியும். மேற்கு ஓரத்தில் ஐப்பசி மழையில் அகத்தி விதைத்தால் அடுத்த ஆனிக்குள் ஆளுயரத்தைத் தாண்டிக் காற்றைத் தடுக்கும், கீரைக்கும் ஆச்சு. நம் பக்கத்துக்கு முக்கியப் பட்டம் புரட்டாசி. ஆவணி நடுவில் குழித்தட்டில் கத்தரி, தக்காளி, மிளகாய் விதைத்து, கத்தரியையும் தக்காளியையும் 25 முதல் 30 நாளிலும் மிளகாயை 40 நாளுக்குள்ளும் நட்டுவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு நட்டால் தண்டு அடியில் அழுகிச் சாயும். தையில் வெண்டை, பீர்க்கு, புடலை, தடியங்காய் (வெள்ளைப்பூசணி). சித்திரையில் புதிதாக எதையும் தொடங்காமல் தண்டங்கீரையை நிழல்வலைக்குக் கீழ் வைத்துக்கொண்டு ஒப்பேற்றலாம்.

எதைப் போடுவது என்பதற்குக் கூட்டாஞ்சோறு நல்ல அளவுகோல். கத்தரி, சீனியவரைக்காய் (கொத்தவரை), முருங்கைக்காய், முருங்கைக்கீரை, வாழைக்காய் என்று அந்தப் பானைக்குள் போவதெல்லாம் இந்த மண்ணில் வருபவை. கத்தரியில் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியின் கே.கே.எம். 1 ரகம், கொத்துக் கொத்தாக வெள்ளை முட்டைபோலக் காய்க்கும். வெண்டையில் அர்கா அனாமிகா மஞ்சள் நரம்பு நோயை ஓரளவு தாங்கும். விதைமுருங்கைக்குப் பி.கே.எம். 1. பட்டாணி, காலிஃபிளவர் பக்கம் போகாதீர்கள்.

கத்தரியில் வாடித் தொங்கும் நுனியை வாரம் ஒருமுறை கிள்ளி எரித்தாலே தண்டுத் துளைப்பான் பாதி அடங்கும். மற்றதுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்: அரை கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, பத்து லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைத்து மாலையில் தெளியுங்கள். ஆனி, ஆடியில் பொறுக்கிய கொட்டை அடுத்த சித்திரையில் வீரியம் இழந்திருக்கும். மயில்தான் பெரிய தொல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது, தீங்கு செய்தால் வழக்கு. விதைத்த பாத்திக்கு மூன்று வாரம் வலை போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பங்கு பிரிப்பதில்தான் சண்டை வரும். பதினைந்து பாத்தி வீடுகளுக்கு, இரண்டு வீட்டுக்கு ஒன்று. மீதி ஒன்பதும் பொது. வீட்டுப் பாத்தியில் வெண்டை, கத்தரி, கீரை என்று அடிக்கடி பறிப்பவை இருக்கட்டும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் நாராகிவிடும், ஞாயிறு மட்டும் கூடும் கூட்டத்துக்கு அது ஒத்துவராது. பொதுப் பாத்தியில் காத்திருக்கத் தெரிந்தவற்றைப் போடுங்கள்: சித்திரையில் ஊன்றிய சேனை, ஆடியில் கொடி நட்ட சிறுகிழங்கு, ஓரத்தில் மணல் மேடு குவித்து ஆவணியில் புதைத்த பனங்கொட்டை. மூன்றும் பொங்கலுக்கு முந்தைய வாரம் வெட்ட ஆகும். அன்றைக்குத் தராசை வைத்து, நீர்ப்பாய்ச்சியின் பங்கை முதலில் நிறுத்து எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பிரியுங்கள்.